எங்கள் தெருவில் இல்லாத எழுத்து

இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள். பெஞ்சு விழாது, அந்த ஒரு கால்தான் கட்டை. எதிர்க்கடைக்காரருக்குக் காது உண்டு. என் காது அளவுக்கு இல்லைதான், இருந்தாலும் அவர் கதையை அவர் காதிலேயே போட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. டோக்கன் எத்தனை உங்களுக்கு? அறுபத்தெட்டா? தாலுகா ஆபீஸுக்குள்ளே இப்போதுதான் இருபத்திரண்டைக் கூப்பிட்டார்கள். தாராளமாகக் கேட்கலாம்.

அதோ, நீலக் கண்ணாடிக் கதவு தெரிகிறதா? 'ஞானதிரவியம் கம்ப்யூட்டர்ஸ்'. மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கேதான். இந்தத் தாலுகாவிலேயே பெரிய அறிவாளி அவர். நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். டீயை வாயில் வைக்கும் முன்னாலேயே, "வே மாசானம், இந்தப் பாலுல எத்தனை பங்கு தண்ணின்னு பாத்த உடனே சொல்லிருவேன்" என்பார். இருபது வருஷமாகச் சொல்கிறார். ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அதனால் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை எனக்கு விளங்கின மாதிரிதான் சொல்லுவேன். எனக்கு விளங்கவைத்தவள் உலகம்மாள். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு அ, ஆ தெரியாதாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் நம்பர். நீங்கள் 'க' என்று தட்டினால் உள்ளே ஒரு நம்பர் போய் உட்காரும். திரும்பத் திறக்கும்போது, இந்த நம்பருக்கு என்ன எழுத்து என்று ஒரு அட்டவணையைப் பார்த்து, 'க' என்று வரைந்து காட்டும். எல்லாரிடமும் ஒரே அட்டவணை இருந்தால் எந்த ஊரில் திறந்தாலும் 'க', 'க'தான். இப்போது சர்க்கார் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் கடைக்குக் கடை ஒரு அட்டவணை. இவர் அதிலும் ஒரு படி மேலே. மதுரையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து, லாட்ஜில் ரூம் போட்டு, மூன்று நாள் கறியும் மீனும் வாங்கிக் கொடுத்து, தனக்கென்று ஒரு அட்டவணை செய்துகொண்டார். 'க' இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ, கமா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொம்பு. எண்களை மட்டும் விட்டுவைத்தார். அவர் கடையில் அடித்தது அவர் கடையில் மட்டும்தான் திறக்கும். வேறு எங்கே கொண்டுபோனாலும் கிறுக்கல். பிள்ளை பேரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அந்த நீலக் கதவைத்தான் தள்ள வேண்டும்.

"எழுத்தைப் பூட்டி வச்சிட்டேன் வே. சாவி நான்தான்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

இவர் வீட்டுக் குதிருக்குள் கிடக்கிற நெல்லா தமிழ், பூட்டி வைக்க? நாலு பேர் வாசிக்கத்தானே எழுதுகிறது? ஒருத்தனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி எழுதுகிறவனை நான் மனுஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

என்ன, சுவரையே பார்க்கிறீர்கள்? அந்தக் குறிகளெல்லாம் ஆபீஸ் மேஜைக்கு ஒன்று, என் டீக் கணக்கு. கோடு போட்டால் சீனி இல்லை, வட்டம் போட்டால் ஸ்ட்ராங், வாலை இழுத்துவிட்டால் பால் இல்லாமல். இல்லை, வேறு யாருக்கும் விளங்காது. என் தம்பி மகன் ஒரு நாள் கடையைப் பார்க்கிறேன் என்று வந்து, தலைமை எழுத்தருக்குச் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டான். அது வேறு விஷயம். அது என் வசதிக்கு.

எங்கள் தெரு ஓடைக்கரைத் தெரு. நூற்று நாற்பத்திரண்டு வீடு. இடம் புறம்போக்கு, யாருக்கும் பட்டா கிடையாது. தெருவின் தலையில் முப்பிடாதி அம்மன் கோயில். வருஷா வருஷம் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் படைப்புச் சோறு பங்கு வைப்போம். அப்போது வீட்டு வரிசைப்படி பேர் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது எங்கள் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு நான். முதல் வீடு எங்கள் வீடு, அதனால் என் பேரை நானே கூப்பிட்டு ஆரம்பிப்பேன். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருத்தர் "இருக்கோம்" என்று குரல் கொடுக்கணும். கொடுத்தால்தான் பங்கு. காகிதம் கிடையாது, நூற்று நாற்பத்திரண்டும் என் தொண்டையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று, நடுவிலிருந்து எனக்கு வராது. தொண்ணூறாவது வீடு யாருடையது என்று கேட்டால் 'மாசானம்' என்று முதலிலிருந்துதான் வரணும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தாலுகா ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுங்கள், பின்னால் பட்டா கொடுக்கிற காலத்தில் இதுதான் அத்தாட்சி என்றார்கள். நீலக் கதவைத் தள்ளினோம். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, அங்கே வேலைக்கு இருந்த உலகம்மாள் அடித்தாள். அவளும் எங்கள் தெருதான். ஓடை முனையில் கடைசி வீடு, நூற்று நாற்பத்திரண்டு. அவளும் அவள் அம்மா ஆவுடையம்மாளும் மட்டும். ஞானதிரவியம் அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டு, "வரி வரியாப் போடாதே, ஓட்டி அடி. காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது" என்றார். மரத்திலிருந்துதான் வருகிறது என்று அந்த அறிவாளிக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே பேர்களைச் சங்கிலி மாதிரி ஓட்டி அடித்து, காகிதத்தில் ஒன்று, சிடியில் ஒன்று கொடுத்தோம். அன்றைய தாசில்தார் சிடி உறை மேலேயே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, சீல் வைத்து வாங்கிக்கொண்டார்.

காகிதத்தைக் கரையான் தின்றது. சிடி இருந்தது.

போன வருஷம் ஆவணியில் பட்டா பேச்சு வந்தது. ஆபீஸில் சிடியைப் போட்டுப் பார்த்தார்கள். திரை முழுக்க ஏபிசிடியும் கமாவும் பாம்புக் குட்டி மாதிரிக் குறிகளும். ஞானதிரவியத்தைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்த மெஷின் செத்து ஏழு வருஷமாச்சு ஐயா. எழுத்தும் அதோட போச்சு. பரவால்ல, எனக்குத் தெரு மனப்பாடம். புதுசா ஒண்ணு அடிச்சுத் தாரேன்" என்றார்.

தெரு மனப்பாடமாம். அவர் எங்கள் தெருவில் காலை வைத்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

புதுசு வந்தது. அதில் நூற்று இருபத்தைந்து வீடு. ஓடை முனையில் பதினேழு வீட்டைக் காணோம். அந்த முனையில்தான் அவர் சகலை கல்யாண மண்டபம் கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு என்றால் ஜேசிபி. அவ்வளவுதான் சூட்சுமம். இதற்கு ஒரு அறிவு, அந்த அறிவுக்கு ஒரு நீலக் கதவு.

பட்டியலுக்கு அடியில் தெரு ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். யாரோ போட்டார்கள். சரி, நான்தான் போட்டேன். எனக்கு வாசிக்க வருமா? அவரே வாசித்துக் காட்டினார். நல்ல வேகம். 'மாசானம்' என்று என் பேரில் ஆரம்பித்தார், காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நூற்று இருபத்தைந்தோடு நிறுத்தினார். மீதி எங்கே என்று கேட்க எனக்கு வாய் வந்தது. ஆனால் அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, ஆறின டீயை அவர் குடிக்கமாட்டார். ஒரு மனுஷனை எத்தனை நேரம் நிறுத்திவைப்பது? போட்டுவிட்டேன். தலைக்கு மேலே போர்டு இருக்கிறது பாருங்கள், 'மாசானம் டீ ஸ்டால்', கப்பு படத்தோடு, ஆவி பறக்கிற மாதிரி. அது அவர் கடையில் அடித்ததுதான். அதே வாரம் கட்டினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பதினேழு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் விசாரணை, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று. மற்ற பதினாறு வீட்டுக்காரர்களும் நீலக் கதவுக்கு முன்னால் போய்க் கும்பிட்டு நின்றார்கள். "நான் என்னய்யா செய்ய? எழுத்து செத்துப்போச்சே" என்று கையை விரித்தார். உலகம்மாள் மட்டும் போகவில்லை. அவளை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க நாலு நாள் லீவு கேட்டாள், அது குற்றம். அப்புறம் பஸ் ஸ்டாண்டு நெட் சென்டரில் வேலை பார்த்தாள்.

அவள் ஒரு நாள் காலையில் மடிக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். நெட் சென்டர்காரனுடையதாம், மூன்று நாளைக்கு இரவல். சிடியில் உள்ளதை மனுப் போட்டு நகல் வாங்கியிருந்தாள். அந்தப் பாம்புக் குட்டியெல்லாம் திரையில் நெளிந்துகொண்டிருந்தது. அவர் கடையில் அவளுக்கு அடிக்கத்தான் தெரியும், எந்த நம்பருக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணையை அவர் யார் கண்ணிலும் காட்டினதில்லை.

"மாமா, கொடையில கூப்பிடுத மாதிரி பேரைக் கூப்பிடுங்க" என்றாள்.

"ஏளா, கோட்டி பிடிச்சிருக்கா? கொடை முடிஞ்சு நாலு மாசமாச்சு."

"கூப்பிடுங்க மாமா. மெதுவா."

எனக்கு ஒரே சிரிப்பு. மதுரை ஆள் மூன்று நாள் கறிச்சோறு தின்று போட்ட பூட்டை, இவள் ஓசி மெஷினை வைத்துக்கொண்டு திறக்கப்போகிறாளாம். ஆனால் பேர் கூப்பிடச் சொன்னால் எனக்கு மறுக்க வராது. அது ரத்தத்தில் இருக்கிறது. கூப்பிட்டேன்.

முதல் பேரிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "இங்க பாருங்க. உங்க பேர்ல ரெண்டு கால் இருக்கு. மா, சா. இந்தக் கிறுக்கல்லயும் ரெண்டாவதும் நாலாவதும் ஒரே குறி. அப்ப அதுதான் கால்."

"எனக்கு ரெண்டு கால் இருக்குன்னு கண்டுபிடிக்க மெஷின் வேணுமாக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு நோட்டில் அந்தக் குறியையும் பக்கத்தில் காலையும் எழுதினாள். அப்புறம் அடுத்த பேர். ஒரு பேரில் கிடைத்த எழுத்தை அடுத்த பேரில் வைத்துப் பார்ப்பாள். "கொம்பை முதல்ல போட்டு அடிச்சிருக்கு மாமா, சர்க்கார் அட்டவணையில அது எழுத்துக்குப் பின்னால வரணும்" என்பாள், எனக்கு எதற்கு அது? எங்கேயாவது தட்டினால், "அறுபத்திமூணாவதை இன்னொரு தடவை" என்பாள். எனக்குத்தான் நடுவிலிருந்து வராதே. முதலிலிருந்து பிடிப்பேன். அவள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். டீக்கு வந்தவர்களெல்லாம், மாசானத்துக்கு அம்மன் இறங்கிவிட்டது என்று சொல்லிப் போனார்கள். மூன்று நாளில் எத்தனை கொடை கொடுத்திருப்பேன் என்று அந்த முப்பிடாதிக்குத்தான் தெரியும்.

வேலை முழுக்க என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் சும்மா கேட்டுக் கேட்டு எழுதினாள்.

நடுவில் ஞானதிரவியம் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "என்னவே, பஜனையா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. நீங்களும் தாளம் போடுங்க" என்றேன். மனசுக்குள் சொன்னேன். வெளியே, "வாங்க அண்ணாச்சி, டீ போடவா?" என்று கேட்டேன்.

விசாரணை அன்றைக்குத் தெருவே தாலுகா ஆபீஸ் வராந்தாவில். தாசில்தாருக்குப் பலமான ஜலதோஷம். கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே, "உங்க ஆட்சேபணை என்னம்மா?" என்றார். உலகம்மாள், சிடியில் இருந்ததை அவளுடைய அட்டவணைப்படி சர்க்கார் எழுத்தில் மாற்றியதை நீட்டினாள். நூற்று நாற்பத்திரண்டு பேர்.

ஞானதிரவியம் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஐயா, இது யாரு வேணும்னாலும் செய்யலாம். கிறுக்கலைப் பாத்து அவ நூத்திநாப்பத்திரண்டு பேர்னு சொல்லுதா. நான் பாத்தா பஸ் டைம்னு சொல்லுவேன். எங்கிட்ட வேலை பாத்து நின்னு போன பொண்ணு. அவ வீடும் இதுல இருக்கு. வேற என்ன சொல்லுவா?"

தாசில்தார் அவளைப் பார்த்தார். நியாயமான பேச்சு மாதிரித்தான் எல்லாருக்கும் பட்டது.

உலகம்மாள், "அப்ப எனக்குத் தெரியாத ஒண்ணை அண்ணாச்சியே குடுக்கட்டும் ஐயா. நான் நின்னதுக்குப் பிறகு அவுங்க கடையில அடிச்சது எதுவாயிருந்தாலும் சரி. இங்கேயே, உங்க ஆபீஸ் மெஷின்லயே மாத்திப் பாப்போம்" என்றாள்.

அறிவாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாவிக்கொத்திலேயே பென்டிரைவைத் தொங்கவிட்டிருப்பார். "எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகை. போன தை மாசம். என் எழுத்துதான். எடுத்துக்கோ" என்று மேஜை மேல் போட்டார். எழுத்து செத்து ஏழு வருஷமாகிவிட்டது என்று அதே ஆபீஸில் சொன்ன வாய். போன தை மாசம் அதே எழுத்தில் பத்திரிகை அடித்ததாகச் சொல்கிறோமே என்று அந்தப் பெரிய மண்டைக்குத் தட்டவில்லை. தாசில்தார் கர்ச்சீப்பை இறக்கிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அறிவாளிக்கும் உறைத்தது. கை பென்டிரைவை நோக்கிப் போனது. ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர், ஐம்பது வயது ஆள், அதற்குள் எடுத்துச் சொருகிவிட்டார்.

திறந்தால் கிறுக்கல். உலகம்மாள் தன் அட்டவணையைப் போட்டு ஏதோ தட்டினாள். நீங்கள் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம். கம்ப்யூட்டர்காரர் உரக்க வாசித்தார். கர்த்தருடைய கிருபை என்று ஆரம்பித்து, பெண்ணைப் பெற்றவர், தாய்மாமன், வரவேற்பு நடக்கும் இடம் எல்லாம் வரிசையாக வந்தது. ஞானதிரவியத்தின் உதடு கூடவே அசைந்தது. பாவம், எத்தனை தடவை சரிபார்த்த பத்திரிகை. மாப்பிள்ளை பேர் வந்ததும் வாசிப்பு நின்றது.

"ஜோ... இங்க ஒரு வெத்துக் கட்டம் இருக்கும்மா. அப்புறம் வா."

"ஜோஷ்வா" என்றார் ஞானதிரவியம். தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். சொன்னதும், ஒரு பிடி கிடைத்துவிட்ட மாதிரி எழுந்தார். "பாத்தீங்களா ஐயா? அவ அட்டவணை தப்பு. எம் மருமகன் பேரையே முழுங்கிட்டு."

தாசில்தார், "அந்தக் கட்டம் ஏம்மா?" என்று கேட்டார்.

"அந்த எழுத்து எனக்குத் தெரியாதுங்க. நான் தெருப் பேர்களை வச்சுத்தான் அட்டவணை போட்டேன். எங்க தெருவுல யாரு பேர்லயும் அந்த எழுத்து இல்ல."

தாசில்தார் அவளுடைய பட்டியலை எடுத்து முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார். அந்த 'ஷ' எங்கேயும் இல்லை. அப்புறம் திரையில் இருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "இட்டுக்கட்டுதவ இந்தக் கட்டத்தை விட்டுவைக்கமாட்டா. ஏதாவது ஒண்ணைப் போட்டு நிரப்பியிருப்பா" என்றார். தும்மினார். ஞானதிரவியத்தின் புதுப் பட்டியல் தள்ளுபடி, சிடியில் உள்ளதே செல்லும் என்று எழுதினார்.

எழுதும்போது அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டார். "இதுல சாட்சி போட்ட மாசானம் யாரு?"

நான் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. தூண் எனக்கு முன்னால் இருந்தது.

உலகம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க மாமாதான் ஐயா. அன்னைக்குக் கண்ணாடி கொண்டுபோகலையாம்" என்றாள்.

எனக்குக் கண்ணாடியே கிடையாது. அவ்வளவு விவரமான பெண், அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் திருத்தவில்லை. பெரிய இடத்தில் சின்னத் தப்புகளைப் பெரிசுபடுத்தக் கூடாது.

ஞானதிரவியத்துக்கு என்ன ஆனதா? ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதிரி ஆளுக்கு என்ன ஆகும்? சகலை மண்டபத்தை வேறு ஊரில் கட்டுகிறார். இவர் இப்போது சர்க்கார் எழுத்திலேயே அடிக்கிறார், 'எங்கும் திறக்கும்' என்று கதவில் ஒட்டியிருக்கிறார் பாருங்கள், என்னமோ இவர்தான் கண்டுபிடித்த மாதிரி. வெட்கம் என்று ஒன்று சிலருக்கு அட்டவணையிலேயே கிடையாது. எப்படித்தான் ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறதோ. எனக்கா? எனக்கும் கொஞ்ச நாளாகச் சரியாக வருவதில்லை, அது இருமல்.

நாற்பது தாண்டிவிட்டது. உங்கள் டோக்கன் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பட்டா கொடுத்த அன்று மத்தியானம் உலகம்மாள் இங்கே வந்தாள். டீ போட்டேன். சுவரில் இருந்த குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆறாவது மேஜைக்காரர் சீனி விட்டுட்டாரா மாமா?" என்றாள். முந்தின நாள்தான் விட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்தத் தள்ளுபடியான பட்டியலின் நகல். நூற்று இருபத்தைந்து பேர், அப்புறம் நாலு விரல்கடை வெறும் இடம், அதற்கு அடியில் என் கையெழுத்து. பெஞ்சில் வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"மாமா, நூத்தியிருபத்தாறுல இருந்து கூப்பிடுங்க."

"நடுவுல இருந்து வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப முதல்ல இருந்து கூப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கடைக் கதவு பாதி திறந்து நின்றது. நான் 'மாசானம்' என்று ஆரம்பித்தேன். அவள் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நூற்று இருபத்தைந்து வந்தது. அடுப்பை அணைத்தேன், பால் தீய்ந்த புகை. அப்புறமும் கூப்பிட்டேன். அவள் பேனா ஓடியது. ஒவ்வொரு பேராக அந்த நாலு விரல்கடையில், என் கையெழுத்துக்கு மேலே, பொடி எழுத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. 

"ஆவுடையம்மாள்" என்றேன், நூற்று நாற்பத்திரண்டு.

எழுதினாள். மை காய ஊதினாள். நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். அப்புறம் எழுந்து நின்று, கொடையில் கொடுக்கிற மாதிரி, தெரு கேட்க, "இருக்கோம்" என்றாள்.